‘பிரில்லியன்ட்’ என்னும் சொல்லும் கொங்கு நாட்டுக் கல்லும்

ஒளியின் மிகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல இருப்பினும், அவற்றுள் தமிழர் தம் அன்றாடப் பேச்சிலும் தயக்கமின்றி எடுத்தாளும் சொல் ‘பிரில்லியன்ட்’ என்பதாகும். தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியையும், எதிராளி எண்ணிப் பாராத ஒரு நகர்வால் ஆட்டத்தை முடித்துவைத்த சதுரங்க வீரரையும் இச்சொல்லால் பாராட்டும் வழக்கம் சிற்றூர்ப் பள்ளிகள் வரை பரவியிருக்கிறது. எனினும் அறிவுக் கூர்மை என்னும் இப்பொருள் அச்சொல் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட பொருளே ஆகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பையும் அத்தகைய மினுமினுப்பு வாய்ந்த வைரத்தையுமே அது குறித்தது. பிரெஞ்சுக்கு அப்பால் இத்தாலியமும், அதற்கும் அப்பால் இலத்தீனும் கிரேக்கமும் பிராகிருதமும் என அச்சொல்லின் தடம் பின்னோக்கி நீள்கிறது. அத்தடத்தின் தொலைதூர முனை தென்னிந்தியாவில் விழுகிறது என்று கருதப் போதிய காரணங்கள் உள்ளன. இத்தகைய செய்திகள் பெருமிதத்தோடு பரப்பப்படுகையில், உறுதியான சான்றும் வெறும் ஊகமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுவிடுகின்றன. அது அச்சொல்லுக்கும் நன்மை செய்வதில்லை, அதைப் பெற்றெடுத்ததாகச் சொல்லப்படும் மொழிக்கும் நன்மை செய்வதில்லை. ஆகவே இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்துப் பார்ப்பதே முறையாகும்.

ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘பிரைட்’ என்பது. பழைய ஆங்கிலத்தில் ‘பியோர்ஹ்ட்’ என வழங்கிய அச்சொல், ஆல்பர்ட், ராபர்ட் முதலிய ஆட்பெயர்களின் ஈற்றுப் பகுதியிலும் தன் ஜெர்மானிய உறவுச் சொல்லின் வழியாக இன்றும் ஒளிந்திருக்கிறது. விளக்கு, பகல், நிறம் ஆகியவற்றின் நிலையான வெளிச்சத்துக்கு அச்சொல் பொருந்துகையில், ‘பிரில்லியன்ட்’ என்பது பல முகங்களிலிருந்து தெறித்து, பார்ப்பவரின் கண் அசையுந்தோறும் இடம் மாறும் ஒளியைச் சுட்டுகிறது. ஒளிர்தல், சுடர்தல், மின்னுதல் எனத் தமிழ் நுட்பமாகப் பிரித்துணர்த்தும் சொற்களுள் மின்னுதலே அதற்கு மிக நெருக்கமானது எனலாம். இந்த அசைவுப் பொருள், சொல்லின் பிறப்பைப் பற்றிய விவாதத்தில் மீண்டும் தலைகாட்டும்.

அச்சொல் ஆங்கிலத்தில் காலூன்றியதற்கும் வைரத் தொழிலில் நிகழ்ந்த மாற்றத்துக்கும் காலப் பொருத்தம் உண்டு. அதற்கு முன் ஐரோப்பியக் கைவினைஞர்கள் வைரத்தை அதன் இயல்பான கூர்நுனி வடிவத்திலேயே மெருகேற்றினர், அல்லது மேல்முனையைத் தேய்த்து மேசை போன்ற ஒரு தட்டையான முகத்தை உண்டாக்கினர், அல்லது அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் முக்கோணப் பட்டைகளாகவும் அமையும் ரோஜா வடிவில் தீட்டினர். 17ஆம் நூற்றாண்டில் மேலும் கீழும் பல பட்டைகளைக் கொண்ட புதிய வெட்டு முறை உருவாயிற்று. வெனிஸ் நகரத்து வின்சென்சோ பெருட்சி என்பவரை அதன் கண்டுபிடிப்பாளராகச் சொல்வது மரபு. பிரான்சின் முதலமைச்சராயிருந்த கர்தினால் மசாரின் பெயரும் அதன் முந்தைய வடிவமொன்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இம்மரபுரைகளுக்குச் சான்று வலுவாக இல்லை. ஐயத்துக்கிடமில்லாத செய்தி ஒன்றே. அக்காலத்து ஐரோப்பியப் பட்டறைகளில் தீட்டப்பட்ட வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கோல்கொண்டா வணிகத்தின் வழியாகச் சென்றவை. ஏனெனில் பிரேசில் நாட்டு வைரம் 18ஆம் நூற்றாண்டில்தான் சந்தைக்கு வந்தது.

‘பிரில்லியன்ட்’ எனப் பெயர்பெற்ற அந்த வெட்டின் இன்றைய வட்ட வடிவத்துக்கான கணக்கை, ஆன்ட்வெர்ப் நகரின் வைரத் தொழிற்குடும்பம் ஒன்றில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் வெளியிட்ட தம் நூலில் வகுத்துக் காட்டினார். அவ்வடிவத்தில் கல்லின் இடைவிளிம்புக்கு மேலே, நடுவிலுள்ள மேசைமுகத்தையும் சேர்த்து 33 பட்டைகளும், கீழே 24 பட்டைகளும் அமைய, அடிநுனியைச் சிறிது மழுக்கினால் அதையும் கூட்டி மொத்தம் 58 ஆகும். வைரத்துக்குள் நுழையும் ஒளி பெரிதும் வளைகிறது. அவ்வளைவின் அளவைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42. அதனால் உள்ளிருந்து ஒரு பட்டையின் மேல் சுமார் 24 பாகைக்கு மேல் சாய்வாக விழும் கதிர் எதுவும் வெளியேற இயலாமல் முழுமையாகத் திருப்பி எறியப்படுகிறது. மேசைமுகத்தின் வழியே இறங்கிய கதிர் கீழ்ப்பட்டை ஒன்றில் மோதி, எதிர்ப்பட்டைக்குத் தாவி, மீண்டும் மேலேறிப் பார்ப்பவரின் கண்ணை அடைகிறது. கீழ்ப்பகுதி ஆழமாகவோ மேலோட்டமாகவோ வெட்டப்பட்டால் கதிர் அடிப்புறமாகக் கசிந்துவிட, கல் இருண்டு தோன்றும். இவ்வாறு திரும்பிவரும் வெண்ணொளியின் மிகுதியையே மணிக்கல் வல்லுநர்கள் ‘பிரில்லியன்ஸ்’ எனக் கலைச்சொல்லாக வழங்குகின்றனர். ஒளி ஏழு நிறமாகப் பிரிந்து தெறிப்பதை அவர்கள் தனியே ‘தீ’ என்பர்.

ஆங்கிலத்துக்குச் சொல்லைத் தந்த பிரெஞ்சு மொழியில் ‘பிரியே’ என்பது ஒளிர்தலைக் குறிக்கும் வினை. ‘ஒளிர்கின்ற’ என்னும் அதன் எச்ச வடிவமே ‘பிரில்லியன்ட்’ ஆயிற்று. பிரெஞ்சு வினை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியத்தின் ‘பிரில்லாரே’ என்பதிலிருந்து பெறப்பட்டது. இதுவரை தடம் தெளிவானது. இதற்கு அப்பால் அறிஞரிடையே இரண்டு கருத்துகள் உள்ளன. பெரில் என்னும் மணிக்கல்லின் இலத்தீன் பெயரான ‘பெரில்லுஸ்’ என்பதிலிருந்து, ‘பெரில் போல் ஒளிர்தல்’ என்ற பொருளில் பேச்சிலத்தீன் வினை ஒன்று பிறந்து அதுவே இத்தாலியத்தில் நிலைத்தது என்பது ஒன்று. ‘பிரில்லாரே’ என்பதற்குச் சுழலுதல் என்ற பொருளும் உண்டு என்பதால், பம்பரம் போல் சுற்றுவதைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லிலிருந்தே அது வந்தது என்பது மற்றொன்று. முதற்கருத்தையே பல அகராதிகள் தருகின்றன என்றாலும், ‘இருக்கலாம்’ என்ற சொல்லைச் சேர்த்தே தருகின்றன; அந்தப் பேச்சிலத்தீன் வினை எந்த ஏட்டிலும் எழுதிக் கிடைக்கவில்லை, மொழியியலார் ஊகித்து மீட்டமைத்ததே அது. சங்கிலியின் மெலிந்த கண்ணி இதுதான் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எனினும் அக்கல்லின் பெயர் இடைக்கால ஐரோப்பாவில் பெற்றிருந்த செல்வாக்கு முதற்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. அக்காலத்தில் ‘பெரில்’ என்னும் பெயர் குறிப்பிட்ட ஒரு கனிமத்தோடு நின்றுவிடாமல், படிகக்கல் உட்பட ஒளி ஊடுருவும் கற்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராக விரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைகள் தொடக்கத்தில் இத்தகைய தெளிந்த கற்களைத் தேய்த்துச் செய்யப்பட்டதால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றிப் பரவியபோது, ஜெர்மன் மொழி அதற்கு ‘பிரில்லெ’ என்றும் டச்சு மொழி ‘பிரில்’ என்றும் கல்லின் பெயரையே சூட்டின. இன்றும் அவையே வழக்கில் உள்ளன. மோசல் ஆற்றங்கரையில் பிறந்த மெய்யியலாளரும் திருச்சபையின் கர்தினாலுமான குசா நகர் நிக்கோலஸ் 1458இல் எழுதிய நூலொன்றுக்கு ‘பெரில் பற்றி’ என்றே தலைப்பிட்டார். குழிவாகவும் குவிவாகவும் தீட்டப்பட்ட அக்கல்லின் வழியே நோக்குபவர் முன்பு காணாதவற்றைக் காண்பதுபோல, அறிவுக்கும் ஒரு வில்லை வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. கல்லின் பெயரொன்று ஒளியையும் பார்வையையும் அறிவையும் தொட்டு நின்றமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஜெர்மன் சொல்லின் பிறப்பில் எவருக்கும் ஐயமில்லை. எனவே இத்தாலிய வினை ஒருகால் வேறிடத்தில் பிறந்ததாக முடிவானாலும், மூக்குக்கண்ணாடி அணியும் ஜெர்மானியர் அனைவரும் ஓர் இந்தியச் சொல்லை நாள்தோறும் சொல்கின்றனர் என்பது மாறாது.

அச்சொல் இந்தியச் சொல்லே என்று இத்துணை உறுதியாகக் கூறக் காரணம், சொல்லோடு சரக்கும் சேர்ந்து சென்றதற்கான பதிவுகள் இருப்பதுதான். கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் மூத்த பிளினி, தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில், பெரில் இந்தியாவில் விளைவது என்றும் பிறவிடங்களில் அரிதாகவே கிடைக்கிறது என்றும் எழுதினார். தூய கடல்நீரின் பசுமையை ஒத்தவையே அவற்றுள் சிறந்தவை என்பதும், பட்டைகளில் ஒளி பட்டுத் திரும்பினாலன்றி நிறம் மங்கித் தோன்றும் என்பதால் கைவினைஞர்கள் அறுபட்டையாகத் தீட்டுகின்றனர் என்பதும் அவர் தரும் செய்திகள். இந்தியர் நீண்ட கற்களையே பெரிதும் விரும்பினர் என்றும், அவற்றைத் தங்கத்தில் பதிக்காமல் துளையிட்டு யானை மயிரில் கோத்தனர் என்றும், படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்யவும் அறிந்திருந்தனர் என்றும் அவர் குறித்துள்ளார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான ‘எரித்திரையக் கடல் பயணம்’, முசிறித் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான பொருள்களுள் பலவகை ஒளிபுகு கற்களைச் சேர்க்கிறது. அடுத்த நூற்றாண்டின் புவியியலாளர் தாலமியோ, தென்னிந்தியாவின் உள்நாட்டு ஊர்களை வரிசைப்படுத்துகையில் புன்னாட்டா என்ற பெயரருகே பெரில் கிடைக்குமிடம் என்று குறிப்பெழுதினார். அது இன்றைய தென் கர்நாடகத்தில் இருந்த புன்னாடு என்பது பலர் ஏற்கும் கருத்து.

தமிழ்நாட்டில் பெரில் விளையும் இடமாக நெடுங்காலமாக அறியப்பட்டது காங்கேயத்தை அடுத்த படியூர் ஆகும். வெளிர்நீலமும் கடற்பச்சையும் கலந்த கற்கள் அங்குள்ள பாறைகளின் ஊடே கிடைத்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலும் அவை தோண்டி எடுக்கப்பட்டன. நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. இராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகள் அந்தக் கற்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காட்டின. பெரில், சூதுபவளம், படிகம், நீலக்கல் முதலியவற்றின் மணிகள் அங்கே செம்மையாக முடிந்த நிலையில் மட்டும் கிடைக்கவில்லை. மூலக்கல், தட்டி உருவாக்கியும் தேய்க்கப்படாதது, தேய்த்தும் துளையிடப்படாதது எனத் தொழிலின் ஒவ்வொரு படிநிலையிலும் நின்றுபோன மணிகள் மண்ணுக்குள் இருந்தன. ஓர் ஊர் மணிகளை வாங்கி அணிந்ததா, தானே செய்ததா என்பதைப் பிரித்தறிய உதவும் சான்று, முடிக்கப்படாத இத்தகைய மணிகளே. பெரில் கல்லின் கடினம் படிகத்தினும் மிகுதியாதலால் அதைத் தேய்க்க அதனினும் கடிய பொருள் தேவை. அதே வட்டாரத்துச் சிவன்மலைப் பகுதியில் கிடைக்கும் குருந்தக்கல் அத்தேவைக்கு ஏற்றது. ‘கொரண்டம்’ என்னும் அதன் உலகப் பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ தந்தது என்பதை ஆங்கில அகராதிகளே பதிவு செய்கின்றன. பதிற்றுப்பத்து அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் குறிக்கும் கொடுமணம் இந்த ஊரே என்பது ஆய்வாளர் துணிபு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து முசிறிப் பக்கமிருந்து கரூர் நோக்கிச் சென்ற பெருவழியில் அது அமைந்திருந்தது. அவ்வழியை ஒட்டிய வெள்ளலூரிலும் கரூரிலும் குவியலாகக் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகள், கல் போன வழியே காசு வந்தது என்பதற்குக் கைச்சான்று.

இனி, கிரேக்கர் ‘பேரில்லோஸ்’ என்று எழுதிய பெயரின் இந்திய வடிவத்தைக் காணலாம். பாலி மொழியில் அது ‘வேளுரிய’ என்றும், பிராகிருதத்தில் ளகர ரகரங்கள் இடம் மாறி ‘வேருலிய’ என்றும், வடமொழியில் ‘வைடூர்ய’ என்றும் வழங்கியது. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் இவ்வாறு இடம் மாறுவது தமிழர்க்குப் புதிதன்று; தசை சதை ஆனதும், விசிறி சிவிறி ஆனதும், மதுரையைப் பேச்சில் மருதை என்பதும் அவ்வகையே. வகர ஒலிக்குரிய எழுத்து அக்காலக் கிரேக்கரிடம் இல்லாமையால் அவர்கள் அதைத் தம் ‘பேட்டா’ எழுத்தால் குறித்தனர் என்று கொண்டால், ‘வேருலிய’ என்பது ‘பேரில்லோஸ்’ ஆவதில் வியப்பில்லை. பொருளும் ஒத்துப்போகிறது. தீக நிகாயம் என்னும் பாலித் தொகுப்பிலுள்ள சாமஞ்ஞபல சுத்தம், எட்டுப் பட்டையாகச் செம்மையாகத் தீட்டப்பெற்ற மாசற்ற வேளுரிய மணியினூடே நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என எந்நிற நூலைக் கோத்தாலும் அது வெளியே தெளிவாகத் தெரியும் என்பதை உவமையாக்குகிறது. உள்ளே கோத்த நூல் தெரிய வேண்டுமானால் மணி நீர்போல் தெளிந்திருக்க வேண்டும். பிளினி சொல்லும் துளையிட்டுக் கோத்த பட்டைக்கல்லும் பௌத்தத் துறவிகள் கண்ட மணியும் ஒரே பொருள் என்பதை இந்த உவமை ஏறக்குறைய நிறுவிவிடுகிறது.

வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி, ‘விதூர’ என்னும் இடப்பெயரிலிருந்து கல்லின் பெயரை விளக்க ஒரு தனி நூற்பாவே செய்தார். அதற்குப் பேருரை கண்ட பதஞ்சலி, கல் பிறப்பது வாலவாய மலையில் அல்லவா, விதூரத்தில் அது தீட்டப்பட மட்டும்தானே செய்கிறது என்ற தடையை எழுப்பி விடை காண்கிறார். விளையும் இடம் ஒன்று, வினைப்படும் இடம் வேறொன்று என்ற அவருடைய குறிப்பு, படியூரும் கொடுமணலும் காட்டும் தொழிற்பிரிவினையை நினைவூட்டுகிறது. வடபுலத்து இலக்கண அறிஞர் ஒருவர், எங்கோ தொலைவில் நடந்த மணித்தொழிலின் நடைமுறையை இவ்வளவு அறிந்திருந்தார் என்பதே மகிழ்ச்சி தரும் செய்தியாகும். வழக்கமான சொல்லாக்க விதிக்குள் அடங்காமல், தனி நூற்பா கொண்டு அதை நியாயப்படுத்த வேண்டியிருந்தது என்பது, அச்சொல் வெளியிலிருந்து வந்து வடமொழி உருவம் பெற்றது என்ற ஐயத்துக்கும் இடம் தருகிறது.

அந்த ‘வெளி’ திராவிடமே என்பது பல மொழியியலாளர் கருத்து. வெண்மை, தெளிவு, ஒளி ஆகிய பொருள்களைத் தரும் ‘வெள்’, ‘விள்’ என்னும் வேர்களும், நிறம் மங்குதலைக் குறிக்கும் ‘வெளிறு’, ‘விளர்’ என்னும் தமிழ்ச் சொற்களும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. வெளிர்நிறமும் தெளிவும் உடைய கல்லுக்கு அப்பெயர் பொருந்தி வருகிறது. வேலூர் என்ற ஊர்ப்பெயரே கல்லுக்கு ஆயிற்று என்ற மற்றொரு விளக்கத்தையும் அகராதிகள் தருவதுண்டு. வகரம் கன்னடத்தில் பகரமாவதால் அது இன்றைய பேலூர் என்பர். ஓய்சளர் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த சென்னகேசவர் கோயிலால் புகழ்பெற்ற பேலூரை, பாணினிக்கும் பாலி நூல்களுக்கும் முற்பட்ட மணித்தொழில் நகரமாகக் கொள்ளப் பெயரொற்றுமை ஒன்றே போதாது. வேலூர் என்ற பெயருடைய ஊர்கள் தென்னாட்டில் பல இருக்க, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கல்லின் பிறப்பிடமாக்குவது ஏற்கத்தக்கதன்று. வேர்ச்சொல் விளக்கமே அதனினும் வலுவுடையது.

சொல் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் தாய்நிலத்திலேயே அதன் பொருள் நகர்ந்துவிட்டது. நவமணிகளுள் ஒன்றாக இன்று வைடூரியம் எனப்படுவது, நடுவே ஒரு வெண்கோடு ஓடும் பூனைக்கண் கல். அது கிரைசோபெரில் என்னும் வேறொரு கனிமம். அதற்குள் கோத்த நூல் தெரியாது. இந்த நகர்ச்சியின் விளைவைத் தமிழ் விவிலியத்திலும் காணலாம். வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம் விவரிக்கும் புதிய எருசலேமின் பன்னிரண்டு அடித்தளக் கற்களுள் எட்டாவது, கிரேக்க மூலத்தில் பெரில் ஆகும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் ‘படிகப்பச்சை’ என்று அழகாகவே பெயர்த்தது. ‘வைடூரியம்’ என்ற சொல்லை அது பத்தாவது கல்லுக்குப் பயன்படுத்தியது. மொழிபெயர்த்தோர் தம் காலத்து வழக்கைப் பின்பற்றியமையால் அது பிழையன்று.

வேதியியல் அக்கல்லின் பெயருக்கு இன்னொரு வாழ்வு தந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் 1798இல் பெரிலையும் மரகதத்தையும் பகுத்தாராய்ந்து, இரண்டும் ஒரே கனிமம் என்பதையும் அதில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமம் கலந்திருப்பதையும் வெளிப்படுத்தினார். மரகதத்தின் பச்சை அதில் சிறிதளவே கலந்த குரோமியத்தால் வருவது. இரும்பு கலந்தால் அதே கனிமம் நீலமும் மஞ்சளும் காட்டும். புதிய தனிமத்தின் உப்புகள் இனித்தமையால் இனிப்பைச் சுட்டும் ‘குளுசினியம்’ என்ற பெயரும் அதற்கு நெடுங்காலம் வழங்கியது. நச்சுத்தன்மை மிக்க அவ்வுப்புகளைச் சுவைத்துப் பெயரிட்ட காலம் அது. 1828இல் பிரீட்ரிக் வோலரும் அந்துவான் புசியும் தனித்தனியே அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தனர். இறுதியில் கல்லின் பெயரே வென்று, தனிம அட்டவணையின் நான்காம் இடத்தில் பெரிலியம் என நிலைத்தது. எடை மிகக் குறைவாகவும், கடுங்குளிரிலும் வடிவம் பிறழாததாகவும் இருப்பதால், 2021 டிசம்பரில் விண்ணுக்கு ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மை ஆடிக்குரிய 18 துண்டுகளும் அந்த உலோகத்தால் செய்யப்பட்டு, அகச்சிவப்புக் கதிர்களை நன்கு திருப்பும் பொருட்டுப் பொன்முலாம் பூசப்பட்டன.